இரண்டு போவா, இரண்டு பெட்டி

போவா என்பது நச்சில்லாத, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் பாம்பு. அதை வளர்ப்பது என்று முடிவு செய்ததிலிருந்து முதல் பாம்பு வீட்டுக்குள் வரும்வரை ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் மரப்பலகையோடும் தெர்மோஸ்டாட்டோடும்தான் போனது. பாம்பைப் பார்த்தவுடன் ஆசைப்பட்டு வாங்கி, திரும்பி வரும் வழியில் பெட்டியும் பல்பும் வாங்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாம்புகள் முதல் மாதம் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிவில் பாம்புக்கு முன்னால் பெட்டி வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இங்கே போவா வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை. 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் நச்சுப் பாம்புகளுக்கு உரிமம் கேட்கிறது, போவாவுக்குக் கேட்பதில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி ஏற்ற இடம், உணவு, வைத்தியம் எல்லாம் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. ஊரில் இருக்கும் நண்பர்கள் "இங்கேயும் வளர்க்கலாமா?" என்று கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மண்ணுளிப் பாம்பு போவாவுக்கு உறவுதான். அதையும் மலைப்பாம்பையும் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருதலைப் பாம்பு என்று பேர் சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசுகிற கூட்டத்தால் அந்த அப்பாவிப் பாம்பு படுகிற துன்பம் கொஞ்சமல்ல, அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டுப் பாம்புகளில் சைட்டிஸ் (உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவற்றுக்கு, 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். போவாக்கள் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்குவதற்கு முன்னால் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது போவா இம்பரேட்டர். மெக்சிகோவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியாவின் வடமேற்கு வரை இருக்கிற இனம். சுரினாம், கயானா பக்கத்து சிவப்பு வால் போவாவைவிட இது பொதுவாகச் சிறியது: ஆண் ஒன்றரை முதல் 1.8 மீட்டர், பெண் 1.8 முதல் 2.4 மீட்டர் வரை. கையில் எடுத்துச் சமாளிக்கக்கூடிய அளவு, ஆனாலும் பெண் நன்கு வளர்ந்தால் கனமான பாம்புதான். ஆயுள் 20, 25 ஆண்டு சாதாரணம். பிலடெல்பியா விலங்குக்காட்சிச் சாலையில் பொப்பாய் என்றொரு போவா 40 ஆண்டு வாழ்ந்து 1977-இல் இறந்தது. போவா வளர்க்க முடிவு செய்தபோது எனக்கு வயது 38. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இது நம்ம ரிட்டயர்மென்ட் வரைக்கும் கூட வரும்" என்றாள். ஆமாம், அதை யோசித்துத்தான் இறங்கினோம்.

சரி, பெட்டி. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 15 மில்லிமீட்டர் மெலமைன் பலகை, முன்பக்கம் தண்டவாளத்தில் நகரும் இரண்டு கண்ணாடி. கடையில் அளவுக்கு வெட்டித் தருகிறார்கள், நாம் திருகி மூட்டினால் போதும். பலகையின் வெட்டு முனைதான் பலவீனம், அங்கே ஈரம் ஏறினால் ஆறே மாதத்தில் ஊறி உப்பிவிடும். எல்லா மூட்டுக்கும் மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கான் போட்டேன். குளியலறை சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். போட்டபின் புளித்த காடி வாடை முழுக்கப் போகிறவரை கண்ணாடியைத் திறந்தே வைத்தேன், ஒன்பது நாள் ஆனது. கண்ணாடிக்குப் பூட்டு கட்டாயம். போவா ஒரு விரல் நுழைகிற இடுக்கு கிடைத்தால் மூக்கை வைத்து நெம்பிப் பார்க்கும், தசையெல்லாம் அதற்காகவே படைத்த உடம்பு.

சூட்டுக்கு 100 வாட் செராமிக் விளக்கு. வெளிச்சம் இல்லாமல் வெப்பம் மட்டும் தருவது. அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கூண்டு இல்லாவிட்டால் பாம்பு விளக்கையே சுற்றிக்கொண்டு படுக்கும், தோல் வெந்தாலும் உடனே விலகாது, நமக்குத் தெரியவரும்போது புண் ஆகியிருக்கும். விளக்கு பல்ஸ் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓடுகிறது. மின்சாரத்தைச் சின்னச் சின்னத் துடிப்பாக விட்டு விட்டுக் கொடுத்து வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும் கருவி அது. சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. இரண்டு பக்கமும் பாம்பு மறைந்துகொள்ள ஒவ்வொரு ஒளிவிடம், நடுவில் உடம்பு முழுக்க அமிழ்கிற தண்ணீர்த் தொட்டி, கீழே நான்கு அங்குலத்துக்குத் தேங்காய்மட்டைச் சில்லு. ஊரில் எரிக்கிற மட்டையைச் சில்லாக்கிப் பையில் அடைத்து இங்கே நல்ல விலைக்கு விற்கிறார்கள், ஈரம் பிடித்து வைப்பதில் அதற்கு இணை கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். பெட்டியைப் பாம்பில்லாமல் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது நாள் காலை தனி வெப்பமானியைப் பார்த்தால், இரவில் தொட்ட உச்சம் 46 டிகிரி. தெர்மோஸ்டாட்டின் திரையில் மட்டும் ஒழுங்காக 'சூடாகிறது' என்று காட்டுகிறது. கை விட்டுப் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை ரப்பர் சக்‌ஷன் கப்பில் சுவரில் ஒட்டியிருந்தேன், சூட்டில் ரப்பர் இளகி, முனை கழன்று, குளிர்ந்த பக்கம் ஈரச் சில்லுக்குள் விழுந்து கிடந்தது. அதைப் பொறுத்தவரை பெட்டி குளிர்ந்துதான் இருக்கிறது, அதனால் இரவெல்லாம் விளக்கை எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே பாம்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அன்றே உணர்முனையின் ஒயரை இரண்டு இடத்தில் கிளிப் வைத்துத் திருகி இறுக்கினேன். அதோடு 36 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தையே துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாகப் போட்டேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சக்‌ஷன் கப்பை நம்பாதீர்கள்.

இதே போல இன்னொரு பெட்டியும் செய்தேன். அங்கேதான் பலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜோடிக்கு எதற்கு இரண்டு பெட்டி, ஒன்றாக விட்டால் துணையாக இருக்குமே என்று. போவாவுக்குத் துணை தேவையில்லை. காட்டில் அது தனியாகத் திரியும் பிராணி, இணை சேரும் காலம் தவிர. ஒரே பெட்டியில் இரண்டும் ஒரே மூலையில் பின்னிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து நாம் பாசம் என்று நினைக்கிறோம், உண்மையில் நல்ல இடம் அந்த ஒரு மூலைதான், இரண்டும் அதற்குப் போட்டி போடுகின்றன. கக்கியது எது, எச்சத்தில் இரத்தம் விட்டது எது, மூன்று வாரமாக இரை எடுக்காதது எது, ஒன்றும் தெரியாது. ஒரே எலியை இரண்டும் கவ்விவிட்டால் கதை இன்னும் மோசம். ஒன்றுக்கு நோய் என்றால் இரண்டுக்கும்.

நோய் என்றதும் போவா வளர்ப்பவர்கள் எல்லாரும் பயப்படுவது இன்க்ளூஷன் பாடி நோய்க்கு. ஐ.பி.டி. என்பார்கள். பல காலம் காரணம் தெரியாமல் இருந்து, 2012-இல்தான் ரெப்டரீனா வைரஸ்களை இதோடு தொடர்புபடுத்தினார்கள். மருந்து கிடையாது. போவாவில் இருக்கிற கஷ்டம், அது வருஷக்கணக்கில் நோயைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாகத் தெரியும். அதனால் புதுப் பாம்பு எதுவானாலும் 90 நாள் தனி அறை, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், இரத்தப் பரிசோதனை.

செம்பி 2022 அக்டோபரில் வந்தது. நான்கு மாதக் குட்டி, 84 கிராம், வாலில் செங்கல் நிறம், பெயர் அதிலிருந்து வந்தது. வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் ஒருவரிடம் வாங்கினேன். குட்டி எத்தனை முறை இரை எடுத்தது, எப்போது சட்டை உரித்தது என்று தேதி போட்டு ஒரு தாள் கொடுத்தார், தாய் தந்தையையும் காட்டினார். கையில் எடுத்தவுடன் விரலைச் சுற்றி இறுகப் பிடித்தது, வாயோரம் நுரையில்லை, மூச்சில் சத்தமில்லை, தலை நேராக நின்றது. இதையெல்லாம் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். கருப்பன் ஐந்து வாரம் கழித்து வேறு இடத்திலிருந்து வந்தது. கூடப்பிறந்தவை வேண்டாம் என்பதற்காகவே வேறு இடம். அங்கே தாள் எதுவும் கிடைக்கவில்லை. "ஆண்தான், நன்றாகச் சாப்பிடுகிறது" என்ற வாய்வார்த்தை மட்டும்.

தனிமைக் காலத்தில் குட்டி இருப்பது பெரிய பெட்டியில் அல்ல. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் துளைகள், கீழே சமையலறைக் காகிதம், அவ்வளவுதான். வெள்ளைக் காகிதம் ஏன் என்று பத்தொன்பதாம் நாள் புரிந்தது. கருப்பனின் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் சிந்தியதுபோல ஏழெட்டுப் புள்ளி. ஒன்றை ஈரக் காகிதத்தில் ஒற்றி எடுத்து நசுக்கினேன், செம்புள்ளியாக இரத்தம் வந்தது. பாம்பு உண்ணி. குட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தாடைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இரண்டு, கண்ணின் விளிம்பில் ஒன்று. தேங்காய்ச் சில்லில் விட்டிருந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்திருப்பேன்.

ஊர்வன வைத்தியம் தெரிந்த மருத்துவரிடம் கொண்டு போனோம். மருந்து கொடுத்தார், எப்படிப் போடுவது என்று செய்தும் காட்டினார். மருந்தைவிட வேலை வாங்கியது சுத்தம். உண்ணி முட்டையிடுவது பாம்பின்மேல் அல்ல, இண்டு இடுக்கில். அதனால் ஆறு வாரம், இரண்டு நாளைக்கு ஒருமுறை காகிதம் மாற்றி, பெட்டியைச் சுடுநீரில் கழுவி, ஒளிவிடமாக வைத்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வைத்தேன். தினமும் முதலில் செம்பி, கடைசியில் கருப்பன், அப்புறம் சட்டையைக் கழற்றி நேராகத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். செம்பிக்கு ஒரு உண்ணி கூடத் தொற்றவில்லை. இரண்டுக்கும் ஐ.பி.டி. பரிசோதனை, ஐந்து மாத இடைவெளியில் இரண்டு முறை, நான்கும் நெகட்டிவ். முதல் முடிவு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

இரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், போவாவை அதிகம் கெடுப்பது பாசத்தில் போடும் சாப்பாடுதான். கொடுப்பது உறையவைத்த எலி, உயிருள்ளது இல்லை. உயிருள்ள எலி கடித்தால் பாம்பின் கண்ணே போகலாம், எலிக்கும் அது கொடுமை. முந்தின இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி விட்டதும், மறுநாள் மாலை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெந்நீரில் சூடேற்றுவேன். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வெடிக்கும். எலியின் வயிற்றில் விரல் வைத்தால் உள்ளேயும் சில்லென்று இருக்கக் கூடாது. போவாவுக்கு மலைப்பாம்பைப் போல உதட்டில் வெப்பக் குழிகள் கிடையாது, ஆனாலும் முகத்துச் செதில்களில் சூட்டை உணரும். தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தால் நேராகத் தலையைக் கவ்வும்.

நீண்ட இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து ஒளிவிடத்தின் வாசலுக்கு முன்னால் கொண்டு போவேன். முதலில் நாக்கு மட்டும் வெளியே வரும். மெதுவாக, மேலும் கீழும், காற்றைத் துழாவி. அப்புறம் நாக்கின் வேகம் கூடும், கழுத்து 'எஸ்' போல மடியும், மடிந்தபின் ஒரு நொடி எல்லாமே நின்றுவிடும். அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, இடுக்கியில் 'டக்' என்று ஒரு அதிர்வு, பார்த்தால் எலியைச் சுற்றி இரண்டு சுற்று விழுந்திருக்கும். இங்கே நான் இடுக்கியை எடுத்துவிடுவதில்லை. வாலைப் பிடித்து லேசாகச் சுண்டிச் சுண்டி விடுவேன், ஒரு பத்து, பதினைந்து முறை. காரணம் இருக்கிறது. 2012-இல் வந்த ஓர் ஆய்வில், செத்த எலிக்குள் செயற்கை இதயம் வைத்துத் துடிக்கவிட்டு போவாக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பு இருக்கும்வரை பாம்பு விடாமல் இறுக்கியது, பாதியில் நிறுத்தினால் சீக்கிரமே தளர்த்தியது. உயிருள்ள இரையையே வாழ்நாளில் காணாத பாம்புகளும் துடிப்பை உணர்ந்து இறுக்கின. மூன்று ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஆய்வு, இரை சாவது மூச்சு முட்டி அல்ல, இரத்த ஓட்டம் நின்று என்று அளந்தே காட்டியது. அந்த உடம்பு அதற்காகப் பழகிய வேலை இது. நான் சுண்டுவதால் அது கொஞ்ச நேரம் தன் வேலையைச் செய்கிறது, உடற்பயிற்சியும் ஆகிறது. சுண்டலை நிறுத்தினால் இருபது நொடியில் சுற்று ஒவ்வொன்றாக அவிழும், மூக்கால் எலியின் உடம்பைத் தடவித் தலையைத் தேடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

2023 பிப்ரவரியில் தப்பு செய்தேன். நான் எப்போது கண்ணாடிப் பக்கம் போனாலும் செம்பி வந்து எட்டிப் பார்த்தது, பசி போலிருக்கிறது என்று ஒரு அளவு பெரிய எலி, அதுவும் பத்து நாளுக்குப் பதில் ஏழாம் நாளே. மூன்றாம் நாள் காலை அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம். பாதி செரித்த எலி தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்தது. போவாவின் செரிமானம் மெதுவானது, கக்கும்போது வயிற்று அமிலமும் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து போகின்றன. அதனால் உடனே மறுபடி கொடுத்தால் மறுபடி கக்கும், இப்படிக் கக்கிக் கக்கியே செத்த குட்டிகள் உண்டு. 16 நாள் தண்ணீர் மட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு இரை, மறுபடி இரண்டு வாரம் இடைவெளி, மீண்டும் பாதி. ஏழு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. இப்போது விதி இதுதான்: உடம்பின் தடித்த இடத்தைவிட இரை தடிமனாக இருக்கக் கூடாது, குட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று வயதானால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இரை எடுத்தபின் குறைந்தது இரண்டு நாள் தொடுவதில்லை. கண்ணாடிக்கு வந்து எட்டிப் பார்ப்பது பசி அல்ல, சும்மா பார்க்கிறது.

அதே குளிர்காலத்தில் சட்டை உரிப்பதிலும் சிக்கல். வீட்டில் ஹீட்டர் ஓடுவதால் காற்று காய்ந்து, பெட்டிக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. நான் பின்பலகையில் நான்கு காற்றுத் துளை வைத்திருந்தேன், அது அதிகம். கண் பால் பூத்ததுபோல் நீலமாகி, நான்கைந்து நாளில் தெளிந்து, அதற்கப்புறம் கருப்பனின் சட்டை துண்டு துண்டாக வந்தது, வால் நுனியில் மோதிரம் போல ஒரு வளையம் ஒட்டிக்கொண்டது. அந்த வளையத்தை விட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வால் நுனி செத்துவிடும். வெதுவெதுப்பான ஈரத் துணிப்பைக்குள் அரைமணி நேரம் விட்டு, விரலிடுக்கில் துணியோடு நழுவவிட்டேன், வளையம் தானாகக் கழன்றது. கண் மேலிருக்கும் சட்டையை மட்டும் யாரும் நகத்தால் எடுக்க முயலாதீர்கள், அது மருத்துவர் வேலை. இரண்டு துளையை அடைத்து, ஈரப்பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்றை உள்ளே வைத்தேன். அடுத்த சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றியதுபோல உள்வெளி திரும்பிக் கிடந்தது. கண்களை மூடியிருந்த சட்டை இரண்டும் அதிலேயே, சின்னக் கண்ணாடி வில்லை மாதிரி. மகள் அதைத் தாளில் ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

2024 கோடையில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் கருப்பனைத் திருப்பிப் பார்த்தார். கழிவாயின் இரண்டு பக்கமும் இருக்கும் முள், அதாவது பின்னங்கால்களின் மிச்சம், ஆணுக்கு நீண்டு வளைந்து தெரியவேண்டும். இதற்கோ அரிசி முனை அளவுக்குத்தான் இருந்தது. மழுங்கிய கம்பியை மெல்ல விட்டு அளந்தார். ஆணாக இருந்தால் ஒன்பது, பத்துச் செதில் ஆழம் போகும், இதில் நான்கோடு நின்றுவிட்டது. கருப்பன் அன்றிலிருந்து கருப்பி. எனக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் நிம்மதிதான். போவா முட்டையிடாது, குட்டி போடும், ஒரு ஈற்றில் இருபது முப்பது சாதாரணம். அத்தனை குட்டிக்கும் இருபத்தைந்து ஆண்டு பொறுப்பேற்கிற வீடு எங்கே தேடுவது? ஆண், பெண் என்று நம்பி ஒரே பெட்டியில் விட்டிருந்த ஒருவர், தான் எதிர்பாராமல் வந்த 27 குட்டிகளை இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நேரில் பார்த்தேன். வளர்க்க மட்டும் ஆசை என்றால் ஒரே பாலில் இரண்டு இருப்பது நல்லது.

கையில் எடுப்பது வாரம் இரண்டு முறை, பத்து பதினைந்து நிமிடம். முதலில் கொக்கியால் உடம்பின் நடுப்பகுதியை மெல்லத் தொடுவேன். தொட்டால் கை, தொடாவிட்டால் இரை என்று இரண்டுக்கும் இப்போது தெரியும். செம்பி நிதானம், தோளில் ஏறிச் சட்டைக் காலருக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொள்ளும். கருப்பி இன்னமும் முதல் நிமிடம் 'உஸ்ஸ்' என்று சீறித்தான் வரும், சீறி முடித்தபின் கைகொடுக்கும். ஒரே பிடியில் இரண்டையும் எடுத்துப் படம் எடுக்கச் சொல்லி விருந்தாளிகள் கேட்பார்கள், அதை நான் செய்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எடை போட்டேன். செம்பி 1,940 கிராம், நீளம் 1.6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கருப்பி 1,310. செம்பிக்கு நான்கடிப் பெட்டியில் நேராக நீட்டிப் படுக்க இடம் போதவில்லை, அதனால் ஆறடிப் பெட்டிக்கு இப்போது பலகை வெட்டிக் கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை காற்றுத் துளை இரண்டுதான். சிலிக்கான் நேற்று இரவு போட்டது, வீடு முழுக்கக் காடி வாடை.